பாறையில் மோதும் அலையை வாட்டர்கலரில் வரைவது எப்படி

கடல் வரைய உட்கார்ந்ததும் தாள் முழுக்க நீலத்தை இழுத்துவிட்டு, அப்புறம் நுரைக்காக வெள்ளை பெயின்டைத் தேடுவதுதான் நம்மில் பலரும் செய்யும் தப்பு. நானும் அப்படித்தான் பல தாள்களைக் கெடுத்தேன். அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமரின் கடல் ஓவியங்களை வருஷ வரிசையில் பார்த்தபிறகுதான் வழி புரிந்தது.

1873இல் மாசசூசெட்ஸின் கிளாஸ்டரில் அவர் வரைந்தவற்றில் கரையோரச் சிறுவர்கள்தான் முக்கியம், கடல் வெறும் பின்னணி. 1881-82இல் இங்கிலாந்தின் கல்லர்கோட்ஸ் மீனவ ஊரில் தங்கினார், வானமும் நீரும் ஈரமான பெரிய வாஷ்களாக, அதாவது தண்ணீர் கலந்து பரப்பிய வண்ணப் பூச்சுகளாகக் கனத்தன. 1883இல் மெய்ன் மாநிலத்தின் ப்ரௌட்ஸ் நெக் பாறைக்கரைக்குக் குடிபோன பிறகு வந்த பல படங்களில் ஆளே இல்லை, அலையும் பாறையும்தான்.

சரி, நாம் வரைவோம். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கோல்ட் பிரஸ் தாள், அதாவது சற்றே சொரசொரப்பான கெட்டித் தாள் எடுங்கள். பென்சிலில் பாறையின் விளிம்பையும் நுரை எழும்பும் இடத்தையும் மட்டும் லேசாகக் குறியுங்கள். நுரை இருக்கும் இடத்தில் வண்ணமே வேண்டாம், தாளின் வெள்ளைதான் நுரை. அதற்குப் பின்னால் வானம் சற்று இருண்டிருந்தால்தான் அது தெரியும், அதனால் அல்ட்ராமரினும் (அடர்நீலம்) பர்ன்ட் சியன்னாவும் (செம்பழுப்பு) கலந்த சாம்பல் வாஷை நுரையைச் சுற்றி ஓட்டுங்கள். நுரையின் மேல் விளிம்பை மட்டும் ஈர பிரஷால் தொட்டுக் கரைத்துவிட்டால் திவலை காற்றில் கலப்பதுபோல வரும்.

அலையின் முகடு மெல்லியது, வெளிச்சம் ஊடுருவும். அங்கே இளம்பச்சை, கீழே போகப்போக அடர்நீலம்.

பாறை கடைசியில். வானத்துக்கு எடுத்த அதே அல்ட்ராமரினையும் பர்ன்ட் சியன்னாவையும் தண்ணீர் குறைத்துக் கெட்டியாகக் கலந்து, பிரஷைப் படுக்கவைத்துக் காய்ந்த தாள்மேல் வேகமாக இழுங்கள். தாளின் சொரசொரப்பில் புள்ளி புள்ளியாக வெள்ளை தப்பி நிற்கும், அதுதான் நனைந்த பாறையின் மினுமினுப்பு. அலை தொட்ட மட்டம்வரை பாறை கறுத்திருக்கும், அதற்குமேல் வெளிறியிருக்கும், இந்தக் கோட்டை விட்டுவிடாதீர்கள்.

எல்லாம் நன்றாகக் காய்ந்ததும் பிளேடு நுனியால் வண்ணத்தைச் சுரண்டி, தாளின் வெள்ளையால் தெறிக்கும் துளிகளைக் காட்டலாம். ஹோமரும் சுரண்டியிருக்கிறார். ஈரத்தில் சுரண்டினால் தாள் பஞ்சாகிவிடும்.

அப்புறம், அதே பாறையை நீர் வற்றும்போது ஒருமுறை, ஏறும்போது ஒருமுறை வரைந்து, தாளின் பின்பக்கம் தேதியும் நேரமும் எழுதி வையுங்கள்.