ஏற்காடு போய் வந்த காருக்கு ஒரு வாளி நீர்
ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வந்த காரை, ஹோஸ் பைப் இல்லாமலே 10 லிட்டர் நீரில் கழுவிவிடலாம். துடைத்தபின் நீர் ஊற்றி அலசத் தேவையில்லாத கார் கழுவும் திரவத்தை (ரின்ஸ்லெஸ் வாஷ்) 1:256 விகிதத்தில் கலப்பதானால் அந்த வாளிக்கு ஏறத்தாழ 40 மி.லி. போதும். முதலில் கரைசலைத் தெளித்து ஓரிரு நிமிடம் ஊறவிட்டு, அதில் நனைத்த மைக்ரோஃபைபர் துண்டை நான்காக மடித்து, கூரையிலிருந்து கீழ்நோக்கி, அழுத்தாமல், ஒரே திசையில் இழுக்க வேண்டும். ஒரு பக்கம் கறுத்ததும் அடுத்த மடிப்புக்கு மாற வேண்டுமே தவிர, அழுக்குத் துண்டை மீண்டும் வாளியில் முக்கக் கூடாது. இதில் சோம்பல்பட்டு நான் பானெட்டில் போட்ட வட்டக் கீறல்கள் இன்றும் வெயிலில் தெரிகின்றன. சேலத்து வெயிலில் கரைசல் சீக்கிரம் காய்ந்து திட்டாகிவிடுமாதலால், நிழலில் நிறுத்தி, ஒவ்வொரு பகுதியையும் துடைத்த கையோடு வேறொரு உலர்ந்த துண்டால் ஒற்றி எடுங்கள். சேறு அப்பிய வண்டிக்கு இம்முறை ஆகாது. அன்று வாட்டர் வாஷுக்கே விடுங்கள்.