மலிவு பெல்லட்டை ரேஞ்சுக்குத் தயார் செய்வதில் நடக்கும் தவறுகள்

பிள்ளை 10 மீட்டர் ஏர் ரைபிள் பழகப் போகிறான் என்றால் முதல் மாதம் வீட்டில் துப்பாக்கி விலையைப் பற்றித்தான் பேச்சு. மூன்றாவது மாதத்திலிருந்து பெல்லட் விலைதான், அதாவது அதில் போட்டுச் சுடும் சின்னக் காரீயக் குண்டின் விலைதான் பேச்சு. ஒரு நாளைக்கு 100 சுட்டால் 500 பெல்லட் உள்ள டப்பா ஐந்தே நாளில் காலி. தண்டையார்பேட்டை, பெரம்பூர், வியாசர்பாடிப் பக்கத்துச் சம்பளத்துக்கு ஒவ்வொரு டப்பாவும் போட்டித் தரத்தில் வாங்குவது கட்டுப்படியாகாது. அதனால் மலிவு டப்பா ஒன்றை வாங்கி, ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக் கூடத்தில், ஏற்றுக்கொள்ளும்படி வீட்டிலேயே 'சரி' செய்யப் பார்க்கிறார்கள். இதில் பாதி வேலை உதவும். மீதிப் பாதி துப்பாக்கிக் குழலைக் கெடுக்கும், உடம்பையும் கெடுக்கும். பெல்லட்டைப் பொறுக்கி எடுப்பது முதல் வகை, அதன் உருவத்தில் கைவைப்பது இரண்டாம் வகை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கே பேசுவது 4.5 மி.மீ ஏர் ரைபிள் பெல்லட் மட்டும். வெடிமருந்து உள்ள தோட்டாவைக் கழற்றுவது, குண்டை மாற்றுவது, மருந்தைக் கூட்டிக் குறைப்பது எல்லாம் வேறு விஷயம். 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டா செய்வதற்கும் மாற்றுவதற்கும் தனி உரிமம் வேண்டும். வைத்துக்கொள்ள உரிமம் இருந்தால் மாற்றவும் உரிமம் இருக்கிறது என்று நினைப்பது தவறு.

பாரிமுனைக் கடைகளில் 'ஏர் கன் குண்டு' என்று கேட்டால் கூர்முனை, உருண்டை முனை, தட்டை முனை என்று மூன்றையும் எடுத்து வைப்பார்கள். கூர்முனை விலை குறைவாக இருக்கும், பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். அதை வாங்குவதுதான் முதல் தவறு. சர்வதேச விதி பெல்லட்டின் வடிவத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. 4.5 மி.மீ இருக்க வேண்டும், காரீயம் அல்லது அதைப்போல மென்மையான பொருளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கட்டுப்படுத்துவது நம் ரேஞ்ச். தட்டை முனை காகிதத்தைக் குத்தூசி போட்டதுபோல வட்டமாக வெட்டும். கூர்முனை காகிதத்தைக் கிழிக்கும், கிழிந்த ஓரத்தை வைத்துப் புள்ளி எண்ண முடியாது. ஏர் ரைபிள் டார்கெட்டில் பத்து எடுக்கும் நடு வட்டம் 0.5 மி.மீ பொட்டு, பேனா முனை வைத்த அளவு. அங்கே கிழிசலுக்கு இடமில்லை.

வாங்கியாகிவிட்டதே என்று கூர்முனையை உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பெல்லட் சுழன்றுகொண்டே போகிற பொருள். கையால் தேய்த்தால் ஒரு பக்கம் கொஞ்சம் அதிகம் போகும், எடையின் மையம் நடுக்கோட்டை விட்டு விலகும், சுழலும்போது தள்ளாடும். பத்துக் குண்டும் பத்துத் திசையில் போகும். தேய்த்த காரீயப் பொடி மேசையிலும் மூக்கிலும் தங்கும். கூர்முனை டப்பாவைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் பாருங்கள். வாங்க மாட்டேன் என்றால் மூடி வைத்துவிடுங்கள். இரும்பு உருண்டையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ரேஞ்சுக்குக் கொண்டுபோகக் கூடாது. காரீயம் டார்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் பட்டால் நசுங்கும். இரும்பு பட்டால் திரும்பி வரும், கண் போகும். குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கிற வரியையும் அது அராவிவிடும்.

அடுத்தது எடை. தட்டை முனைப் பெல்லட்டே வாங்கிவிட்டீர்கள், மலிவு டப்பாதான். அதில் ஒன்றுக்கொன்று எடை மாறும். இந்த மாற்றம் எவ்வளவு கெடுதல் செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்க்காமல் மெனக்கெடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. போட்டி ரைபிளில் குண்டு நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகும். 10 மீட்டர் கடக்க 0.06 நொடி. அதற்குள் புவியீர்ப்பில் ஏறத்தாழ 17 மி.மீ இறங்கும். சைட்டை, அதாவது குறிபார்க்கும் கருவியை, சரிசெய்யும்போது இந்த இறக்கத்தையும் சேர்த்துத்தான் சரிசெய்கிறோம். ஒரு குண்டு 0.53 கிராம், அடுத்தது 0.51 கிராம் என்று வைத்துக்கொள்வோம். எடையில் 4 சதவீத வித்தியாசம். தள்ளும் காற்றின் ஆற்றல் ஒன்றேதான் என்பதால் வேகத்தில் 2 சதவீதம் மாறும், இறக்கத்தில் 4 சதவீதம் மாறும். அதாவது 0.7 மி.மீ. டார்கெட்டில் 0.25 மி.மீ தள்ளினால் 0.1 புள்ளி போகும். ஆக, கை துளியும் ஆடாமலே கிட்டத்தட்ட 0.3 புள்ளி போச்சு.

அது பெரிய விஷயமா என்றால், பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 60 சுட்டு 630.7 எடுத்தார். ஒரு குண்டுக்குச் சராசரி 10.5-க்கு மேல் (பத்து வட்டத்துக்குள்ளும் தசமமாகப் பிரித்து 10.9 வரை எண்ணுவார்கள்). பத்தாவது இடம்தான் கிடைத்தது, இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர் மட்டும். இந்த விளையாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு அந்த மதிப்பு.

அதே கணக்கைத் திருப்பியும் பார்க்க வேண்டும். 0.005 கிராம் வித்தியாசம் என்பது 1 சதவீதம், இறக்கத்தில் 0.17 மி.மீ, 0.1 புள்ளிகூட இல்லை. ஆகவே 0.005 கிராம் படியில் பிரித்தால் போதும். 0.525-லிருந்து 0.530 வரை ஒரு கிண்ணம், 0.530-லிருந்து 0.535 வரை அடுத்தது. அதற்கும் கீழே மில்லிகிராம் மில்லிகிராமாகப் பிரிக்க ராத்திரி ஒரு மணி வரை உட்காருகிறவர்கள் அந்த நேரத்துக்குத் தூங்கினால் கூடுதல் புள்ளி வரும். ஏர் பிஸ்டல் சுடுகிறவர்களுக்கு இந்த வேலையே பெரும்பாலும் வேண்டாம். அங்கே பத்து வட்டம் 11.5 மி.மீ.

தராசிலும் தவறு நடக்கிறது. சமையலறைத் தராசு ஒரு கிராம் காட்டும், சில மலிவு டிஜிட்டல் தராசு 0.01 கிராம் காட்டும். இரண்டும் இதற்கு உதவாது. 0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும். சௌகார்பேட்டையில் நகைத் தொழிலுக்கு விற்கும் தராசுகளில் அந்த வகை கிடைக்கும், கூடவே சரிபார்க்கும் எடைக்கல்லும் கேட்டு வாங்குங்கள். தராசைப் போட்டதும் எடை போடாதீர்கள், பதினைந்து நிமிடம் சூடாகட்டும். ஃபேனை நிறுத்த வேண்டும். வியர்த்துக் கொட்டினாலும் நிறுத்தத்தான் வேண்டும், காற்று பட்டால் கடைசி இலக்கம் நிற்காது. இருபது பெல்லட்டுக்கு ஒருமுறை தட்டைக் காலி செய்து பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். தகர மேசை வேண்டாம், தெருவில் கன்டெய்னர் லாரி போனாலே அதிரும். எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய வீடு என்றால் தரையில் கருங்கல் பலகை போட்டு அதன்மேல் வையுங்கள்.

எடை போடுவதற்கு முன்னால் கண்ணால் பார்த்துக் கழிக்க வேண்டும். பெல்லட்டின் பின்பக்க விளிம்பு, ஸ்கர்ட் என்பார்களே, அது நசுங்கியிருந்தால் காற்று ஒரு பக்கம் கசியும், குண்டு சாய்ந்து கிளம்பும். நசுங்கியதை எடுத்துவிடுங்கள். பல்குச்சியைவிட்டு வட்டமாக்கப் பார்ப்பது வீண், கண்ணுக்கு வட்டமாகத் தெரியும், குழலுக்கு அது வட்டம் இல்லை. கொஞ்சம் சாய்த்து வைத்த கண்ணாடித் தகட்டில் உருட்டிப் பார்ப்பது நல்ல சோதனை. தலையும் ஸ்கர்ட்டும் ஒரே அளவு இல்லாததால் பெல்லட் வளைந்துதான் உருளும். எல்லாம் ஒரே வளைவில் போனால் சரி. தடுக்கித் தடுக்கிப் போவதைக் கழியுங்கள்.

தலையின் அளவை வெர்னியரால் அளக்காதீர்கள். காரீயம் மெத்தென்று இருக்கும், வெர்னியரின் வாய் நெருக்கினாலே நசுங்கும், பிறகு நீங்கள் அளப்பது நீங்கள் செய்த பள்ளத்தை. 4.49, 4.50, 4.51 என்று துளை போட்ட தகடு இதற்கென்றே கிடைக்கிறது. அது இல்லை என்றால் அளவைப் பற்றிக் கவலைப்படாமல் சுட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். டார்கெட் பொய் சொல்லாது. துப்பாக்கியை மணல் மூட்டையில் தாங்கவைத்து, ஒவ்வொரு வகையிலும் பத்துப் பத்து. நல்ல குழலும் நல்ல பெல்லட்டும் சேர்ந்தால் பத்தும் ஓர் ஓட்டையாகத் தெரியும். ஐந்து சுட்டு முடிவு கட்டுவது பரவலான தவறு. ஐந்தில் அதிர்ஷ்டம் ஒளிந்துகொள்ளும்.

சோதனையில் ஒரு டப்பா நன்றாக வந்தால் டப்பாவின் லேபிளில் உள்ள லாட் எண்ணை (ஒரே தடவையில் தயாரித்த தொகுதியின் எண்) குறித்துக்கொண்டு அதே லாட்டில் கட்டுபடியாகும் வரை வாங்கிவிடுங்கள். அதே பிராண்ட், அதே பெயர், வேறு லாட் என்றால் வேறு பெல்லட் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு டப்பாவை ஒன்றாகக் கொட்டிக் கலப்பவர்கள் பொறுக்கிய வேலை முழுவதையும் பாழாக்குகிறார்கள்.

கழுவும் விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் ஆபத்து அதிகம். மலிவு டப்பாவில் கறுப்பு மையும் காரீயத் துகளும் ஒட்டியிருக்கும். துகள் குழலுக்குள் போனால் வரியில் ஒட்டும், குரூப் விரியும், அதாவது குண்டுகள் ஒரே இடத்தில் விழாமல் சிதறும். ஆகவே கழுவுவதில் நியாயம் உண்டு. ஆனால் பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய கை, இதற்கும் புளியையோ எலுமிச்சையையோ வினிகரையோ தேடுகிறது. வேண்டவே வேண்டாம். அமிலம் காரீயத்தைக் கரைக்கும். கரைந்த காரீயம் கட்டியைவிடப் பல மடங்கு எளிதில் உடம்பில் ஏறும். ஈயச் சொம்பில் ரசம் வைத்துக் குடிக்கிறோமே என்று கேட்பார்கள். அது வெள்ளீயம், இது காரீயம். பெயரில் பாதி ஒன்று, குணத்தில் ஒன்றுமே ஒன்றில்லை.

இதற்கென்று ஒரு பிளாஸ்டிக் டப்பா ஒதுக்குங்கள், அது மறுபடி சமையலறைக்குள் போகக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, கையுறை. குலுக்கக் கூடாது, குலுக்கினால் ஸ்கர்ட் நசுங்கும். மெதுவாகச் சுழற்றி, தண்ணீர் தெளியும் வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். டீ வடிகட்டியில் வடிகட்டாதீர்கள். காகிதத்தில் பரப்பி, ஓர் இரவு முழுக்க, குழந்தைகள் கை படாத இடத்தில் உலரவிடுங்கள். காசிமேடு, திருவொற்றியூர்க் கடலோரத்தில் ஓர் இரவு போதாது, இரண்டு இரவு வேண்டும். ஈரத்தோடு மூடினால் சில நாளில் வெள்ளைப் பூ பூக்கும். அந்த வெள்ளைப் பொடியும் காரீயம்தான், ஊதக் கூடாது, துடைத்துப் பயன்படுத்தவும் கூடாது, டப்பாவோடு தள்ளிவிடுங்கள். நன்றாக உலர்ந்ததை இறுக மூடும் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

கழுவிய பெல்லட்டில் எண்ணெய்ப் பூச்சே இல்லாவிட்டால் குழலில் காரீயம் ஒட்டுவது கூடும். அதனால் துணியில் இரண்டு சொட்டு பெல்லட் எண்ணெய் விட்டு, அதில் லேசாகப் புரட்டினால் போதும். தையல் மிஷின் எண்ணெயில் ஊறவைத்து எடுப்பது தவறு. ஸ்பிரிங் துப்பாக்கியில் பிஸ்டன் காற்றை நொடியில் அழுத்தும்போது சூடு ஏறி எண்ணெய் தீப்பிடிக்கும், டீசல் எஞ்சின் ஓடுவது அப்படித்தான். 'டப்' என்று சத்தம் கூடும், சீல் கிழியும், குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. டப்பா சுத்தமாக இருந்தால் கழுவாமல் விடுவதே மேல்.

டார்கெட்டுக்குப் பின்னால் விழுந்து கிடக்கும் பழைய காரீயத்தைப் பொறுக்கிவந்து வீட்டில் உருக்கி மறுபடி வார்க்கலாமே என்ற யோசனை எப்படியும் ஒருவருக்காவது வரும். காரீயம் 327 டிகிரியிலேயே உருகும், கேஸ் அடுப்பு போதும் என்பதால்தான் இந்த ஆசை. அந்தப் புகையும் அடுப்படியில் படியும் தூசியும் முதலில் பிள்ளைகளைத்தான் பிடிக்கும். காரீயம் மூளையைப் பாதிக்கும் நஞ்சு. அச்சில் வார்த்த பெல்லட் எந்த ரேஞ்சிலும் நிற்கப்போவதும் இல்லை.

எல்லாம் முடித்து ரேஞ்சுக்குப் போன பிறகும் சிலது சறுக்கும். கை வசதிக்காகப் பெல்லட்டை உதட்டில் கவ்வுவது, சட்டைப் பையில் போடுவது இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். பொறுக்கிய நூற்றை, குழி போட்ட பலகையில் தலைகீழாக அடுக்கிக் கொண்டுபோனால் ஸ்கர்ட் நசுங்காது. போட்டியில் 60, அதற்கு முன் சரிபார்க்கச் சுடுவது இருபது முப்பது, ஆக நூறு சரியாக இருக்கும். பயிற்சி முழுக்க மலிவு லாட்டில் சுட்டுவிட்டுப் போட்டியன்று விலை உயர்ந்த டப்பாவைத் திறப்பவர்கள் சரிபார்க்கும் நேரம் முழுவதையும் சைட்டைத் திருப்புவதிலேயே செலவழிப்பார்கள். போட்டிக்கு ஒரு வாரம் முன்பே மாறிவிடுங்கள்.

'லோட்' என்ற கட்டளைக்கு முன் பெல்லட் குழலுக்குள் போகக் கூடாது. சுடாத நேரத்தில் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கயிறு குழலின் முழு நீளத்துக்கும் போய் முன்னால் வெளியே தெரிய வேண்டும், வாய்ப்பக்கம் மட்டும் செருகிய துண்டுக் கயிறு செல்லாது. குழலைச் சுத்தம் செய்யும் ஃபெல்ட் குண்டைச் சுடுவதாக இருந்தால் ரேஞ்ச் ஆபீசரிடம், "சார், ரெண்டு ஃபெல்ட் அடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுச் சுடுங்கள். கேட்காமல் சுட்டால் மின்னணு டார்கெட்டின் காகிதச் சுருளில் போய்ச் சிக்கும். காற்றுச் சிலிண்டர் உள்ள துப்பாக்கி என்றால் சிலிண்டரில் பொறித்த தேதியைப் பாருங்கள். தயாரித்துப் பத்து ஆண்டு தாண்டியதைப் போட்டிச் சோதனையில் ஒதுக்கிவிடுவார்கள். அதில் உலர்ந்த காற்றைத் தவிர வேறு எதையும் நிரப்பக் கூடாது, ஆக்சிஜன் நிரப்பினால் வெடிக்கும்.

வீடு திரும்பியதும் முதல் வேலை கை கழுவுவது. குளிர்ந்த தண்ணீரும் சோப்பும். சுட்ட சட்டையைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்து ஊறப்போடாதீர்கள். எடை போட்ட மேசையை ஈரத்துணியால் துடையுங்கள், துடைப்பத்தால் பெருக்கினால் தூசி கிளம்பும்.