ராகத்தின் பெயரைச் சொன்னால் வாசிக்கும் பெட்டி: பைத்தான் வழியே எம்பிடியோடு பேசுவோம்

என் தாத்தா குத்தாலம் வட்டாரத்துக் கோயில்களில் நெடுங்காலம் நாயனம் வாசித்தவர். இப்போது மூச்சு இடம் கொடுக்கவில்லை, கேட்பதோடு சரி. சுவாமி புறப்பாடுகளில் பதிவு செய்த கேசட்டுகள் ஒரு தகரப்பெட்டி நிறைய இருந்தன. அவற்றை எம்பி3 கோப்புகளாக மாற்றிவிட்டேன். ஆனால் அவர் கோப்பின் பெயரையா கேட்பார்? "தோடி போடு" என்பார். அந்த ஒரு சொல்லுக்குச் சரியான ராகம் ஒலிக்க வேண்டும். அதற்காக எழுதிய சிறிய நிரலை இங்கே படிப்படியாக விளக்குகிறேன். பைத்தானில் மாறி, பட்டியல் என்றால் என்ன என்று தெரிந்திருந்தால் போதும்.

கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் தருகிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள்.

படி 1: சேவையகத்தை நிறுவுதல்

எம்பிடியின் முழுப்பெயர் மியூசிக் பிளேயர் டீமன். 2003ஆம் ஆண்டிலிருந்து இருந்துவரும் கட்டற்ற மென்பொருள் இது. இதற்குத் திரையும் பொத்தானும் கிடையாது. ஒலிபெருக்கி இணைத்த கணினியில் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். வலையமைப்பு வழியே கட்டளை வந்தால் வாசிக்கும். கூடத்து அலமாரியில் ராஸ்பெர்ரி பை என்ற சிறிய கணினி ஒன்றை வைத்து, மென்பொருள் நிறுவும் ஆப்ட் இன்ஸ்டால் கட்டளை மூலம் எம்பிடியை நிறுவினேன்.

பாட்டுக் கோப்புகளை உங்கள் சொந்த அடைவில் வைக்காதீர்கள். எம்பிடி தனக்கென ஒரு பயனர் பெயரில் ஓடுவதால், உங்கள் அடைவைத் திறக்க அதற்கு அனுமதி இல்லாமல் போகலாம். அப்போது பாட்டுப் பட்டியல் வெறுமையாகவே இருக்கும். நான் ஒரு மாலை முழுவதையும் இதில்தான் இழந்தேன். எம்பிடி.கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பில் மியூசிக்_டைரக்டரி என்ற வரி காட்டும் அடைவிலேயே கோப்புகளைப் போடுங்கள்.

படி 2: லைப்ரரி

எம்பிடியோடு பேச, பைத்தான்-எம்பிடி2 என்ற லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) நமக்கு வேண்டும். ராஸ்பெர்ரி பையில் பைத்தான்3-எம்பிடி என்ற பெயரில் ஆப்ட் வழியாகவே கிடைக்கிறது.

படி 3: முதல் பேச்சு

எம்பிடி என்ற தொகுதியிலிருந்து எம்பிடிகிளையன்ட் என்ற வகுப்பை இம்போர்ட் செய்யுங்கள். இந்தப் பெயரில் எம்பிடியின் மூன்று எழுத்துகளும் கிளையன்டின் முதல் எழுத்தும் பெரியவை. அந்த வகுப்பிலிருந்து ஒரு பொருளை உருவாக்கி அதற்கு 'பெட்டி' என்று பெயர் வைத்துக்கொள்வோம். பதிலுக்காக எத்தனை விநாடி காத்திருப்பது என்று சொல்லும் டைம்அவுட் மதிப்பை 10 என வையுங்கள். பிறகு கனெக்ட் செயற்கூறை (ஃபங்ஷன்) அழைத்து, இதே கணினியைக் குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்ற முகவரியையும் 6600 என்ற போர்ட் எண்ணையும் கொடுங்கள்.

பிழைச்செய்தி வராவிட்டால் இணைந்துவிட்டீர்கள். அடியில் நடப்பது எளிய எழுத்துப் பரிமாற்றம்தான். நாம் ஒரு வரி அனுப்புகிறோம். வேலை முடிந்தால் ஓகே என்றும், தவறு என்றால் ஏசிகே என்று தொடங்கும் வரியும் வருகிறது. லைப்ரரி அதைப் பிரித்துப் பைத்தானின் டிக்‌ஷனரியாகவும் பட்டியலாகவும் நம் கையில் தருகிறது.

இப்போது அப்டேட் செயற்கூறை அழையுங்கள். புதிய கோப்புகளை எம்பிடி படிக்கத் தொடங்கும். இந்த வேலை பின்னணியில் நடப்பதால் உடனே தேடினால் பாட்டு அகப்படாது, சற்றுப் பொறுங்கள். ஸ்டேட்டஸ் தரும் விவரங்களில் அப்டேட்டிங்_டிபி என்ற சொல் மறைந்தால் வேலை முடிந்தது.

படி 4: ராகத்தைத் தேடுதல்

எம்பி3 கோப்புக்குள் பாட்டின் விவரங்களைச் சொல்லும் குறிச்சொற்களில் ராகத்துக்கென்று தனி இடம் இல்லை. நான் இசை வகைக்கான ஜான்ரா என்ற இடத்தில் ராகப் பெயரைத் தமிழிலேயே எழுதினேன். பல மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் எம்பிடி பேசுவதால் தமிழுக்குத் தடை இல்லை.

தேடுவதற்கு ஃபைண்ட், சர்ச் என இரண்டு செயற்கூறுகள் உண்டு. சர்ச், கொடுத்த சொல் எந்தப் பகுதியில் இருந்தாலும் எடுத்துவரும். கல்யாணி என்று கேட்டால் பூர்விகல்யாணி, மோகனகல்யாணி, யமுனாகல்யாணி எல்லாம் சேர்ந்து வரும். பைரவி கேட்டால் ஆனந்தபைரவியும் சிந்துபைரவியும் வரும். நாயனக்காரர் வீட்டில் இது பொறுக்கத்தக்க பிழை அன்று. ஃபைண்ட் முழுப்பெயர் பொருந்தினால் மட்டுமே எடுக்கும். ஆகவே நமக்கு வேண்டியது ஃபைண்ட்தான்.

முதலில் ஃபைண்ட் தரும் பட்டியல் வெறுமையா என்று பாருங்கள். வெறுமை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பாட்டைக் கலைக்க வேண்டாம். பாட்டு இருந்தால் கிளியர் மூலம் பழைய வரிசையை நீக்கி, ஃபைண்ட்ஆட் செயற்கூறுக்கு ஜான்ராவையும் ராகப் பெயரையும் கொடுத்து, பிளே செயற்கூறை அழையுங்கள். தோடி ஒலிக்கும்.

எனக்கு முதலில் ஒலிக்கவில்லை. கல்யாணி வந்தது, நீலாம்பரி வந்தது. தோடி, மோகனம், காம்போதி மூன்றும் வரவில்லை. மூன்றிலும் ஓகாரம் இருப்பதைக் கண்ட பிறகுதான் காரணம் புரிந்தது. யூனிகோடில் 'தோ' என்ற எழுத்தை இரு விதமாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறியை ஒன்றாக, அல்லது இரட்டைச் சுழிக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே; ஃபைண்டுக்கு வேறு வேறு. ஒகர எழுத்துகளிலும் ஔகார எழுத்துகளிலும் இதே சிக்கல் உண்டு. பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதியில் நார்மலைஸ் என்ற செயற்கூறு இருக்கிறது. தேடும் சொல்லை அதன் மூலம், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவுக்கு (மூன்றும் பெரிய எழுத்துகள்) மாற்றிய பிறகே அனுப்புங்கள். கோப்புகளின் குறிச்சொற்களும் அதே வடிவில் இருக்க வேண்டும். நான் அந்த மூன்று ராகப் பெயர்களையும் ஒரே விசைப்பலகையில் மறுபடி அடித்துச் சரிசெய்தேன்.

படி 5: இணைப்பை முடித்தல்

நிரலை எழுதி ஓடவிட்டு, சில நிமிடம் கழித்து அடுத்த கட்டளை கொடுத்தால் கனெக்‌ஷன்எரர் என்ற இணைப்புப் பிழை வரலாம். பேசாமல் இருக்கும் இணைப்பை எம்பிடி இயல்பாக 60 விநாடியில் துண்டித்துவிடும். தொடக்கநிலையில் எளிய வழி, ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் புதிதாக இணைவது. வேலை முடிந்ததும் குளோஸ், டிஸ்கனெக்ட் இரண்டையும் வரிசையாக அழையுங்கள். பாட்டு நிற்காது, வாசிப்பது சேவையகம், நம் நிரல் அன்று.

இந்த இயல்பால் இன்னொரு வசதியும் உண்டு. ஒருமுறை ஓடி முடியும் நிரலைக் கடிகாரத்தோடு இணைக்கலாம். பூபாளத்தை மட்டும் போடும் நிரலைத் தனிக்கோப்பாகச் சேமித்து, குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் பட்டியலைக் கிரான்டேப் கட்டளையால் திறந்து 30 5 * * * என்ற ஐந்து குறிகளுக்குப் பின்னால் அந்த நிரலை ஓட்டும் கட்டளையை எழுதினேன். முதல் எண் நிமிடம், இரண்டாவது மணி. நாள்தோறும் விடியற்காலை ஐந்தரைக்குத் தாத்தாவின் கட்டிலருகே பூபாளம் தொடங்குகிறது.