சிகரெட்டை விடுற ஃப்ரெண்டுக்கு கை கொடுக்கணுமா?
சிகரெட்டை விடுறேன்னு சொன்னவங்களுக்கு "ஆல் த பெஸ்ட்"னு போட்டுட்டு போயிடாதீங்க, அது பெருசா ஒண்ணும் உதவாது. முதல் 3 நாள்தான் ரொம்பக் கஷ்டம், தலைவலி வரும், தூக்கம் வராது, சும்மா இருக்கிறவங்க மேலயே எரிஞ்சு விழுவாங்க, அதையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க, நிகோடின் உடம்பை விட்டுப் போறப்போ அப்படித்தான் இருக்கும். ஒரு தடவை வர்ற ஆசை பெரும்பாலும் சில நிமிஷத்துல அடங்கிடும், அதனால "இப்போ கை பரபரங்குது"ன்னு மெசேஜ் வந்தா அட்வைஸ் டைப் பண்ணிட்டு இருக்காம உடனே கால் பண்ணி ஏதாவது மொக்கை போடுங்க, பார்த்த படமோ ஆபீஸ் கதையோ எதுவா இருந்தாலும் சரி, அந்த நேரத்தைத் தள்ளணும் அவ்வளவுதான். காபி நிறைய குடிக்கிறவங்கன்னா குறைக்கச் சொல்லுங்க, சிகரெட்டை விட்டதும் காஃபின் உடம்புல முன்னைவிட அதிக நேரம் தங்கும், அந்தப் படபடப்பை சிகரெட் இல்லாததாலன்னு நினைச்சுக்கத் தோணும். நடுவுல ஒண்ணு பத்த வச்சுட்டாங்கன்னா "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க (அப்புறம் உங்ககிட்டயே மறைக்க ஆரம்பிச்சுடுவாங்க). எங்க, யாரு கூட இருந்தப்போன்னு கேளுங்க, அடுத்த தடவை அங்க போறதுக்கு முன்னாடியே உங்களுக்கு ஒரு கால் அடிக்கச் சொல்லுங்க.