தேக்கடி காட்டுல அரை நாள் சுத்து நடை போகணுமா, இப்படி பிளான் பண்ணுங்க

லீவு விட்டா போதும், கம்பம் தேனி பக்கம் இருக்குற சொந்தக்காரங்க எல்லாம் எனக்கு போன் போட்டு கேக்குறது ஒண்ணுதான், குமுளியில காட்டுக்குள்ள நடக்க இடம் இருக்கா, ரொம்ப ஏத்தமும் வேணாம், போன வழியிலயே திரும்பி வரவும் வேணாம், ஒரு சுத்து சுத்தி கிளம்பின இடத்துக்கே வந்து சேரணும்னு. இருக்கு. ஆனா நீங்க நினைக்கிற மாதிரி ஷூவ மாட்டுனமா உள்ள போனமான்னு போக முடியாது.

எங்க அக்கா பையன் கலிஃபோர்னியால இருக்கான். அங்க 300 அடிக்கு மேல வளர்ந்து நிக்கிற ரெட்வுட் மரக்காட்டுல மேப்ப பாத்துக்கிட்டு, அங்கங்க இருக்குற போர்ட பாத்துக்கிட்டு தனியாவே சுத்திட்டு வந்துருவானாம். போன தடவை ஊருக்கு வந்தப்ப "மாமா, இங்கயும் அப்படியே போயிரலாம்ல"ன்னு கேட்டான். முடியாதுப்பான்னு சொன்னேன். தேக்கடி காடு இருக்குற பெரியாறு புலிகள் காப்பகம் 925 சதுர கிலோமீட்டர், யானையும் காட்டுமாடும் புலியும் நடமாடுற காடு, வனத்துறை அனுப்புற கைடு இல்லாம ஒரு அடி உள்ள வைக்கக் கூடாது. அதனால இங்க பிளான்ங்கிறது எந்த வழியில போறதுங்கிறது இல்ல, அத கைடு பாத்துக்குவாரு. எந்த மாசம், எந்த நேரம், கால்ல என்ன, பையில என்ன, இவ்வளவுதான் நம்ம கையில இருக்கு.

முதல்ல எந்த நடைன்னு முடிவு பண்ணுங்க. நேச்சர் வாக்குன்னு ஒண்ணு இருக்கு, நாலஞ்சு கிலோமீட்டர், மூணு மணி நேரம் பிடிக்கும், ஓரளவு நடந்து பழகுனவங்களுக்கு இது போதும். பார்டர் ஹைக்கிங்னு இன்னொண்ணு, அது கேரளா தமிழ்நாடு எல்லை மேட்டுல முழு நாள் நடை, நல்ல ஏத்தம் இருக்கும், மூட்டு வலி இருக்குறவங்க அத தொடவே வேணாம். அஞ்சு கிலோமீட்டருக்கு மூணு மணி நேரமான்னு கேப்பாங்க. ஆமா, ரோட்டுல நடக்குற கணக்கு காட்டுக்கு ஒத்து வராது, கைடு அம்பது அடிக்கு ஒரு தடவை நின்னு காது குடுத்து கேப்பாரு, நாமளும் நிக்கணும்.

மாசம்னா என் கணக்குக்கு டிசம்பர் கடைசியில இருந்து மார்ச் ஆரம்பம் வரைக்கும் நல்லது. ஜூன்ல இருந்து தென்மேற்கு மழை, அக்டோபர் நவம்பர்ல வடகிழக்கு மழை, அப்பெல்லாம் கால்ல ஏறி ரத்தம் குடிக்கிற அட்டைப்பூச்சி தாங்க முடியாது. மண்டல பூஜை, மகரவிளக்கு சீசன்ல ஐயப்ப பக்தர்கள் வண்டி குமுளிய நிறைச்சிரும், கூட்டம் அதிகமானா கம்பம்மெட்டு வழியா சுத்தி விட்டுருவாங்க, வழக்கமா போற லோயர் கேம்ப் ரோட்டுல ஏறிரலாம்னு நினைச்சு காலையில கம்பத்துல கிளம்புனா நடை நேரம் போயிரும். அந்த சமயத்துல வர்றவங்க முதல் நாள் ராத்திரியே குமுளியில வந்து தங்கிருங்க, இத கண்டிப்பா சொல்றேன்.

டிக்கெட்ட முன்கூட்டியே புக் பண்ணிருங்க, ஒரு நடைக்கு கொஞ்ச பேரத்தான் கூட்டிட்டுப் போவாங்க. ஆதார் மாதிரி ஒரு ஐடி வச்சிருங்க. சொந்த வண்டிய ஆனவச்சால் பார்க்கிங்ல விட்டுட்டு வனத்துறை பஸ்ஸுலதான் உள்ள போகணும், அதுக்கு நிக்கிற நேரத்தையும் சேத்துக்கங்க. காலையில முதல் நடைதான் எடுக்கணும், வெயில் ஏறிருச்சுன்னா மிருகம் எல்லாம் உள்ள ஒதுங்கிரும்.

இப்ப அட்டை விஷயம், இதுக்கு பயந்துதான் பாதி பேரு வரமாட்டேங்கிறாங்க. அட்டை சாக்ஸுன்னு முழங்கால் வரைக்கும் வர்ற துணி உறை குடுப்பாங்க, அத நம்ம சாக்ஸுக்கு மேல போட்டு, பேண்ட்ட அதுக்குள்ள விட்டு இறுக்கிக் கட்டி, அதுக்கு மேல ஷூ போடணும். செருப்பு போட்டு வந்தா ஒண்ணும் பண்ண முடியாது. கைடு மூக்குப்பொடி தூவி விடுவாரு, அந்தக் காரத்துக்கு அட்டை ஏறாது. மீறி கடிச்சிருச்சுன்னா பிச்சு இழுக்காதீங்க, நகத்த வச்சு மெதுவா நெம்புனா விட்டுரும். ரத்தம் கொஞ்ச நேரம் நிக்காம வரும், உறையாம இருக்க அதோட எச்சில்ல ஒரு பொருள் இருக்கு, அதனாலதான், பயப்பட ஒண்ணுமில்ல. என் சம்சாரம் முதல் தடவை சாக்ஸுல ரத்தத்த பாத்து அழுதுருச்சு, ரெண்டாவது தடவை அதுவே பக்கத்துல வந்தவங்களுக்கு எடுத்து விட்டுச்சு.

பச்சை, காக்கி, பழுப்பு மாதிரி மங்கல் கலர் சட்டை. சென்ட் வேணாம். தண்ணி ஒரு லிட்டர், ஸ்டீல் பாட்டில்ல. பிளாஸ்டிக் கவர் எதுவும் உள்ள கொண்டு போகாதீங்க, மிளா மான் அத தின்னுட்டு சாகுது.

நடை ஆரம்பத்துல தேக்கடி ஏரியோட ஒரு கிளைய மூங்கில் தெப்பத்துல கயிறு பிடிச்சு இழுத்து தாண்டுவோம். தண்ணிக்குள்ள கருப்பா நிக்கிற மரக்கட்டைங்கள பாருங்க, 1895-ல முல்லைப்பெரியாறு அணை கட்டி தண்ணி ஏறுனப்ப முங்குன காட்டு மரம் அதெல்லாம், இன்னும் உளுத்துப் போகாம நிக்குது. அக்கரை ஏறுனா புல்வெளி, அப்புறம் திடீர்னு இருட்டு, பெரிய மரங்க. ஆள் உயரத்துக்கு சுவர் மாதிரி பலகை வேர் விட்டு நிக்கும், அதுக்கு நடுவுல நீங்க நின்னா வெளிய தெரியாது. மேல கருமந்திக் குரங்கு கத்தும், இறக்கை விசிறுற சத்தம் ஹுஷ் ஹுஷ்னு கேட்டா இருவாச்சிப் பறவை, உடனே மேல பாருங்க.

கைடுங்க நிறைய பேரு மன்னான், பளியர் பழங்குடி ஆளுங்க, தமிழ்லயே பேசலாம். ஒரு தடவை எங்கள கூட்டிட்டுப் போன அண்ணன் நடு வழியில குனிஞ்சு யானை லத்திய விரல்ல உடைச்சுப் பாத்தாரு, உள்ள சூடா இருந்துச்சு, லேசா ஆவி வந்துச்சு. எதுவும் பேசல, கைய மட்டும் காட்டி எங்கள திருப்பிட்டாரு. நாங்க சுத்து முடிக்கல, வந்த வழியிலயே தெப்பத்துக்கு வந்துட்டோம். எங்க கூட வந்த ஒருத்தர் காசு குடுத்துட்டு முழுசா பாக்கலையேன்னு முனகுனாரு. தயவு செஞ்சு அப்படி முனகாதீங்க. அந்த அண்ணன் சொல்றதுதான் அங்க சட்டம், நில்லுன்னா நிக்கணும், திரும்புன்னா திரும்பணும், செல்ஃபிக்காக பின்னால தங்கக் கூடாது.

சின்னப் புள்ளைங்கள கூட்டிட்டு வர்றதா இருந்தா புக் பண்ணும்போதே வயசு சொல்லி கேட்டுக்கங்க. மூணு மணி நேரம் சத்தம் போடாம நடக்கிற புள்ளையான்னு உங்களுக்குத்தான் தெரியும்.

வெளிய வந்ததும் வண்டியில ஏறுறதுக்கு முன்னாடி அட்டை சாக்ஸ கழட்டி உதறி, விரல் இடுக்கு, முழங்கால் பின்பக்கம், இடுப்புல பெல்ட் போடுற இடம் எல்லாம் ஒரு தடவை பாத்துருங்க. அப்புறம் குமுளி பஸ் ஸ்டாண்ட் பக்கம் புட்டும் கடலையும் சூடா கிடைக்கும், மதியம் சாப்பாட்டுக்கு கம்பத்துக்கே இறங்கிரலாம்.