ஸ்கண்டிநேவியாவுக்குப் படிக்கப் போகும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு: சனி, ஞாயிறுப் பயணங்கள்

சூட்கேஸிலிருந்து எதை எடுத்து வெளியே வைப்பது என்பதில் தொடங்குவோம். நெய், பால்மா, இறைச்சி மூன்றும் சுவீடனுக்கும் டென்மார்க்குக்கும் கொண்டுபோகத் தடை. நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் அங்கும் இதே கதைதான். கறிவேப்பிலைக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள். அம்மா ஈரத்துணியில் சுற்றித் தந்த கட்டு விமான நிலையத்தோடு போய்விடும். கருவாட்டைச் சொந்தப் பாவனைக்கு 20 கிலோ வரை கொண்டுபோகலாம். மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, பருத்தித்துறை வடை எதற்கும் சிக்கலில்லை.

குளிர் ஜக்கெற்றை இங்கே வாங்காதீர்கள். சுவீடனில் மிரூர்னா, நோர்வேயில் ஃப்ரெடெக்ஸ் போன்ற பழைய உடுப்புக் கடைகளில் அந்த ஊர்க் குளிருக்கென்றே தைத்தது குறைந்த விலையில் கிடைக்கும். உடம்போடு ஒட்டிக் கம்பளி, அதன்மேல் ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற மேலாடை, வெளியே காற்றுப் புகாத ஜக்கெற். பருத்தி பெனியன் வேர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடப்பதால் நடந்து களைத்து நின்றவுடன் உடம்பு விறைக்கும். சப்பாத்தை ஓர் அளவு பெரிதாக எடுங்கள். இறுக்கமான சப்பாத்துக்குள் கம்பளி மேசு போட்டாலும் கால் சூடாகாது.

இனிப் பயணம். மாணவர் வதிவிட அட்டை இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் (பொது விசா ஏற்பாட்டில் சேர்ந்த ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளிலும் 90 நாள் வரை சுற்றலாம். அட்டை மட்டும் போதாது, கடவுச்சீட்டும் சேர்ந்து பையில் இருக்க வேண்டும். சுவீடனின் மால்மோவிலிருந்து 2000ஆம் ஆண்டு திறந்த ஒரெசுண்ட் பாலத்தால் டென்மார்க்கின் கொப்பன்ஹேகனுக்கு ரயிலில் ஏறக்குறைய 40 நிமிடம்தான். பக்கத்து ஊருக்குப் போகிற நினைப்பில் கடவுச்சீட்டை அறையில் விட்டுப் போகிறவர்கள் திரும்பி வரும்போது சுவீடன் பக்கத்து முதல் நிலையமான ஹில்லியில் பொலிஸாரிடம் அகப்படுகிறார்கள். இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு: அட்டை காலாவதியாகிப் புதுப்பிப்பு முடிவு வராதிருக்கும்போது எல்லை தாண்டுவது. உள்ளே இருக்க உரிமை உண்டு, வெளியே போனால் திரும்பி வருவதுதான் பாடு. பரோ தீவுகளும் கிரீன்லாந்தும் டென்மார்க்கின் ஆட்சிக்குள் இருந்தாலும் ஷெங்கனுக்கு வெளியே. இந்த அட்டையை நம்பி ரிக்கெற் போடாதீர்கள்.

ரயில் ரிக்கெற்றை யாழ்தேவிக்கு எடுப்பதுபோல ஒரே விலையென்று நினைக்க வேண்டாம். நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். நோர்வேயின் மலிவு ரிக்கெற்றுகளும் டென்மார்க்கின் 'ஒரேஞ்ச்' ரிக்கெற்றுகளும் முதலில் தீர்ந்துவிடும். அவை பதிந்த ரயிலுக்கு மட்டுமே செல்லும், தவறவிட்டால் காசு போனதுதான். மலிவு விமானத்திலும் ஒரு பொறி உண்டு: 'ஸ்ரொக்ஹோம் ஸ்கவ்ஸ்தா' நகரத்திலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீற்றர், 'ஒஸ்லோ டோர்ப்' அதைவிடச் சற்றுத் தூரம். பஸ் காசையும் கூட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

இரண்டே நாள் கையில் இருந்தால் எங்கள் தெரிவு ஸ்ரொக்ஹோமிலிருந்து பின்லாந்தின் துர்கு போகும் இரவுக் கப்பல். கபினுக்குத்தான் விலை, ஆளுக்கு அல்ல. நாலு பேர் சேர்ந்தால் விடுதிச் செலவு மிச்சம். மாலையில் ஏறி விடியப் போய் இறங்கலாம். நோர்வேயில் இருப்பவர்களுக்கு ஒஸ்லோ–பேர்கன் ரயில்: ஏறக்குறைய ஏழு மணித்தியாலம், 1,222 மீற்றர் உயரத்தில் ஃபின்ஸே நிலையம். பகல் ரயிலையே எடுங்கள், இருட்டில் போனால் கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும்.

இரவு வானில் தெரியும் வடதுருவ ஒளி பார்க்கச் சுவீடனின் வடகோடியிலுள்ள அபிஸ்கோ போவதற்குச் சனி, ஞாயிறு போதாது. ஸ்ரொக்ஹோமிலிருந்து இரவு ரயிலே 17 மணித்தியாலத்துக்கு மேல். வியாழன் ஏறித் திங்கள் திரும்புங்கள். குளிர் கூடினால் ஒளி வரும் என்பது பிழை. வேண்டியது இருட்டும் தெளிந்த வானமும். செப்ரெம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை பார்க்கலாம். ஜூனில் அங்கே சூரியன் மறைவதே இல்லை.

கூடாரம் அடிப்பதென்றால் நோர்வேயில் பயிரிடாத வெளி நிலத்தில், குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீற்றர் தள்ளி இரண்டு இரவு வரை தங்கலாம். டென்மார்க்கில் அந்த உரிமை இல்லை.

சாப்பாட்டுக்கு ரொட்டியும் உலர்ந்த இடித்த சம்பலும். பிட்டு மறுநாளே காய்ந்து உதிரும். நோர்வேயில் ஞாயிறில் பெரிய கடைகள் பூட்டு, சனியே வாங்கி வையுங்கள். வெறும் போத்தலை எறிய வேண்டாம். கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால், நோர்வேயில் சிறியதற்கு 2, பெரியதற்கு 3 குரோனர் திரும்பும். சுவீடனில் ஸ்ரொக்ஹோம் பஸ்களில் கைக்காசு எடுக்க மாட்டார்கள், வங்கி அட்டை வைத்திருங்கள்.

வீட்டுக்குக் கதைக்கும் நேரம்: குளிர்காலத்தில் யாழ்ப்பாணம் நாலரை மணித்தியாலம் முன்னே, கோடையில் மூன்றரை. அங்கே மாலை ஆறுக்கு எடுத்தால் டிசெம்பரில் இங்கே இரவு பத்தரை. மணிக்கூடு மாறுவது மார்ச், ஒக்ரோபர் மாதங்களின் கடைசி ஞாயிறில். அன்று ரயில் பிடிப்பவர்கள் கைக்கடிகாரத்தை நம்பாமல் தொலைபேசியைப் பாருங்கள்.