வீட்டுக் கடனுக்கெல்லாம் ஒரே அளவு

மூணு தலைமுறை சேர்ந்து இருக்கிற வீட்டில் கடன் பேச்சு எடுத்தாலே சண்டைதான். ஆளாளுக்கு வட்டியை ஒவ்வொரு விதமாகச் சொல்வதுதான் அதில் பாதிக் காரணம்.

கொடுமுடிப் பக்கம் மஞ்சள் வைக்கிற வீடு எங்களுடையது. என் மாமியார் "நூத்துக்கு ரெண்டு" என்பார். நூறு ரூபாய்க்கு மாதம் ரெண்டு ரூபாய். வீட்டுக்காரர் வருஷத்துக்குப் பத்து பர்சண்ட் என்பார். திருப்பூரில் வேலை பார்க்கிற பையன், "மாசம் அஞ்சாயிரந்தாம்மா" என்று தவணையை மட்டும் சொல்வான். எல்லாவற்றையும் மாமியாரின் அளவுக்கு மாற்றி ஒரே நோட்டில் எழுதுங்கள். வட்டியின் கனம் அதில்தான் சட்டென்று தெரியும்.

நகைக்கடன் வருஷத்துக்கு 9 சதவீதம் என்றால் பன்னிரண்டால் வகுங்கள்: முக்கால் வட்டி. கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டியில்லை. சைபர் போட்டு, பக்கத்தில் கெடு தேதியைச் சிவப்பு மையில் எழுதுங்கள். 2021-ல் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடியானதை நினைத்து, அடுத்த தள்ளுபடிக்காகக் கெடுவைத் தாண்ட விடாதீர்கள். கெடு போனால் அந்தச் சைபரும் போய்விடும்.

தவணைக் கடனில்தான் நிதானம் வேண்டும். ஒரு லட்சம், ரெண்டு வருஷம், "பத்து பர்சண்ட் ஃப்ளாட்" என்று வைத்துக்கொள்வோம். வட்டி 20,000, மாதம் 5,000 வீதம் 24 தவணை. பார்த்தால் ஒரு வட்டிகூட இல்லை என்று தோன்றும். ஆனால் மாதாமாதம் அசலும் சேர்ந்துதானே அடைகிறது? பன்னிரண்டு தவணை கட்டி முடித்தபோது மீதி அசல் சுமார் 54,500. வட்டியோ கடைசிவரை முழு லட்சத்துக்கும் ஓடுகிறது. குறைகிற அசலுக்குக் கணக்குப் போட்டால் ஒண்ணரை வட்டி. கடைத்தெருவில் தண்டல் வாங்கியிருந்தால் அதையும் எழுதுங்கள்: கைக்கு 8,500, தினம் 100 வீதம் நூறு நாள். அது பத்து வட்டி! கிரெடிட் கார்டு பாக்கியைத் தள்ளிப்போட்டால் மூணரைக்கு மேலேகூடப் போகும்.

ஏலச்சீட்டு போட்டிருந்தால், 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவான சீட்டுதானா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அடுத்த பக்கத்தில் சேமிப்பு, அதே அளவில். மாமியாரின் டெபாசிட் 7 சதவீதம், அதாவது மாதம் 58 பைசா. பேரன் கார்டுக்கு மூணரை கட்டிக்கொண்டிருக்க, பாட்டியின் பணம் 58 பைசாவுக்குக் கிடக்கிறது. இதை ஒரே நோட்டில் பார்க்காமல் யாருக்கும் உறைக்காது.

அதற்காகப் பெரியவர்கள் பணத்தை உரிமையாகக் கேட்டுவிடக் கூடாது. கடனென்றால் மானம் போகிற காரியம் என்று வாழ்ந்தவர்கள். அந்த டெபாசிட்டுதான் அவர்களுக்குத் தைரியம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு வேண்டியதைத் தொடாமல், டெபாசிட் முதிர்கிற நாளாகப் பார்த்துக் கேளுங்கள்.

"பேரனுக்குச் சும்மா குடுக்க வேண்டாமுங்க அத்தை. முக்கா வட்டிக்குக் குடுங்க. பேங்குல வர்றதவிடக் கூடத்தான் வரும்."

"தேதி தப்பாமக் கட்டுவானா கண்ணு?"

அந்தக் கேள்விக்குப் பதில் பையன்தான் சொல்ல வேண்டும், அவர் முன்னால் உட்கார்ந்து. அசல், வட்டி, தேதி மூன்றையும் அவனே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். சம்பளம் ஏறிய மறுநாளே பாட்டியின் கணக்குக்குப் பணம் போகும்படி பேங்கில் எழுதிக்கொடுக்கட்டும். கார்டு பாக்கியைப் பாட்டி பணத்தில் அடைத்த கையோடு, தவணையில் புதிதாக எதையும் வாங்குவதில்லை என்றும் எழுதி வாங்குங்கள்.

மஞ்சள் விற்ற பணம் வந்ததும் சிவப்பு மையில் இருப்பதைக் கட்டுங்கள். பிறகு நோட்டில் எந்த வட்டி பெரிதோ, அதிலிருந்து கீழே வாருங்கள்.